ஜீப் படம் போடக் கூடாது

காலை எட்டுப் பத்துக்கு ஷெரோன் அந்தப் பதிவைப் போட்டாள். எட்டே முக்காலுக்குள் நூற்று முப்பத்தெட்டுப் பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

பதிவில் சிரிக்க ஒன்றும் இல்லை. "அவசரமாக ஓ நெகற்றிவ் இரத்தம் தேவை. பெரியாஸ்பத்திரி இரத்த வங்கி. பகல் ஒரு மணிக்கு முன் வர வேண்டும்." கீழே அவளுடைய தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான்.

பிரசவ விடுதிக்கு வெளியே கிடந்த நீண்ட வாங்கின் ஒரு நுனியில் அவள் இருந்தாள். மறு நுனியில் அம்மா அற்புதராணி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அக்கா பிரியந்தினி. எட்டாம் மாதம். விடியப்புறம் ஐந்து மணிக்கு இரத்தம் போகத் தொடங்கி, குருநகரிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இருக்கை நனைந்துவிட்டது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம்.

"பின்னேரம் நாலு மணிக்கு மேல பிந்தேலாது, தங்கச்சி," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "வெட்டித்தான் எடுக்க வேணும். ரெண்டு பை இரத்தமாவது பக்கத்திலை இல்லாமல் நான் கத்தியை வைக்க மாட்டன்."

இரத்த வங்கியில் ஓ நெகற்றிவ் ஒரே ஒரு பைதான் இருந்தது. தெற்கிலிருந்து வரவேண்டிய வாகனம் முறிகண்டிக்கு அப்பால் நின்றுவிட்டது. மூன்று நாள் மழையில் வீதிக்கு மேலால் வெள்ளம் ஓடியது. புதிதாக ஒருவர் வந்து கொடுத்தாலும், எடுத்த இரத்தத்தைப் பரிசோதித்து முடிக்க மூன்று மணித்தியாலம் வேண்டும். அதனால்தான் ஒரு மணி.

வேறு இரத்தம் ஏற்ற வழியில்லை. மற்றவர்களுக்கென்றால் ஆபத்து வேளையில் பொசிற்றிவ்வை ஏற்றிச் சமாளிப்பார்கள். அக்காவின் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்தபோது, அவள் உடம்பு பொசிற்றிவ் இரத்தத்தைப் பகையாக அடையாளம் கண்டு வைத்துவிட்டது. இனி அது உள்ளே போனால் உடம்பே அதை உடைக்கும். ஷெரோன் விஞ்ஞானப் பட்டதாரி. இதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தும் ஷெரோன் ஓ பொசிற்றிவ். அவள் கையை நீட்டவே முடியாது.

இரத்த வங்கித் தாதி தன் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் அழைத்துப் பார்த்துவிட்டாள். இருவர் வெளிநாடு போய்விட்டார்கள். ஒருவர் போன மாதம்தான் கொடுத்தவர். ஒருவரின் இலக்கம் இப்போது பாவனையில் இல்லை. கோயில் பங்கிலிருந்து ஒன்பது பேர் மழையில் நனைந்து வந்து கையை நீட்டினார்கள். ஒன்பது பேரும் பொசிற்றிவ்.

கடைசியாகத்தான் முகநூல் குழு நினைவுக்கு வந்தது. ஆறாயிரத்து நானூறு பேர். நூறு பேரில் இருவர் ஓ நெகற்றிவ் என்று வைத்தாலும் நூற்றிருபதுக்கு மேல் வரவேண்டும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

குழுவின் பெயர் 'யாழ் ஸ்போர்ட்ஸ் கார் உறவுகள்'. அண்ணா ஜெரிசன் தொடங்கியது. அவன் பிரான்சுக்குப் போனபோது, "நீ தானே எஞ்சின் கதை எல்லாம் வாசிக்கிறனி, நீயே பார்," என்று தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனான். உறுப்பினர்களில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஏழு பேர். மற்றவர்கள் படம் பார்ப்பவர்கள், சத்தம் கேட்பவர்கள், சண்டை பிடிப்பவர்கள். ஷெரோன் என்ற பெயர் இந்தப் பக்கத்தில் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. முதல் வாரமே ஒருவர் "ஷெரோன் அண்ணை" என்று எழுதினார். திருத்தக் கூச்சமாக இருந்தது. பிறகு திருத்தப் பிந்திவிட்டது. மூன்று வருடமாக அவள் ஷெரோன் அண்ணை. முகப்புப் படம் ஒரு ஸ்ரியறிங்.

குழுவுக்கு ஐந்து விதிகள். மூன்றாவது விதி: ஜீப் படம் போடக் கூடாது. உயரமாக நிற்கிற எதுவும் இங்கே ஜீப்தான், எந்தக் கொம்பனி செய்தாலும்.

இரண்டு கிழமைக்கு முன் ஒருவன் அந்த விதியை உடைத்தான். 'வெல்ரானோ' எழுபது வருடமாக இரண்டு இருக்கைக் கார் மட்டும் செய்த இத்தாலிக் கொம்பனி. இப்போது 'மொந்தே' என்று நாலு கதவு, ஐந்து இருக்கை, நெஞ்சளவு உயரத்தில் ஒன்றை இறக்கியிருந்தது. அதில் ஒன்று யாழ்ப்பாணத்துக்கே வந்துவிட்டது. பனைகளுக்கு நடுவே அது சிவப்பாக நிற்கிற படத்தை 'மொந்தே பொடியன்' என்ற பெயரில் ஒருவன் போட்டான். "எங்கடை குடும்பத்துப் புது ஆள்," என்று மேலே எழுதியிருந்தான்.

குழு இரண்டாகப் பிளந்தது.

"வெல்ரானோ முத்திரையைக் குத்தினா உழவு மிசினும் வெல்ரானோவோ?"

"எஞ்சின் அதே எஞ்சின் மச்சான். பன்னிரண்டு சிலிண்டர். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேள்."

"கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுறது நீ மட்டும்தான்."

"உந்த ஜீப்பை வித்த காசிலைதான் உங்கடை ரெண்டு சீற் காரைச் செய்யிறாங்கள். அது தெரியுமோ?"

"காசுக்காகக் கலக்கிறவன் எல்லாத்தையும் கலப்பான்."

கலப்பு என்ற சொல் அங்கேதான் முதலில் விழுந்தது. பிறகு எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். சுத்த வெல்ரானோ, கலப்பு வெல்ரானோ. சுத்தத்தின் பக்கம் முன்னுக்கு நின்றவன் ஜெயசுதன். கொக்குவிலில் பழைய இரண்டு இருக்கை யப்பான் கார் ஒன்றை வைத்திருப்பவன். மொந்தே பொடியன் ஆள் சளைக்கவில்லை. "நான் ஓ நெகற்றிவ்," என்று எழுதினான். "என்ரை இரத்தம் உலகத்திலை எல்லாருக்கும் ஏறும். என்ரை ஜீப்பிலையும் எல்லாரும் ஏறலாம். உங்கடை காரிலை மனிசியை ஏத்தினாப் பிள்ளையை இறக்க வேணும்."

அதற்குக் கீழே ஒருவன் கேட்டான். "தம்பி ஆர்? எந்த ஊர்? எந்தப் பக்கம்?"

காரைப் பற்றிய கேள்வி இல்லை அது. யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டால் சாதியைத்தான் கேட்கிறார்கள் என்று ஷெரோனுக்குத் தெரியும். குருநகரில் பிறந்தவளிடம் பள்ளிக்கூடத்திலும் கேட்டிருக்கிறார்கள், பல்கலைக்கழகத்திலும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கொமெண்ட்டை அழிக்க விரல் போனது. அழித்தால் சண்டை வரும். ஜெயசுதனும் இருபது பேரும் உள்பெட்டியில் வந்து, "அண்ணை, விதி எண்டா விதிதானே, தூக்குங்கோ அவனை," என்றார்கள். அவள் தூக்கினாள். கேட்டவனை இல்லை, கேட்கப்பட்டவனை.

அன்றிலிருந்து 'ஓ நெகற்றிவ்' குழுவின் பகிடியாகிவிட்டது. ஜீப்புக்காக யார் வாய் திறந்தாலும், "வந்திட்டார் ஓ நெகற்றிவ்," என்றார்கள். இப்போது ஒரு வாக்கெடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. 'வெல்ரானோ இனியும் வெல்ரானோவா?' ஓம், இல்லை, ஓ நெகற்றிவ் என்று மூன்று தெரிவுகள்.

அதற்குள் போய்த்தான் அவளுடைய பதிவு விழுந்தது.

"அட்மின் அண்ணையும் கட்சி மாறிட்டார்."

"அவசரமாத் தேவையாம். ஜீப்புக்கு எண்ணெய் முடிஞ்சுபோச்சாக்கும்."

"அண்ணை, எனக்கும் ரெண்டு லீற்றர்."

அவள் எழுதினாள். "இது பகிடி இல்லை. உண்மையாகத் தேவை. என் அக்காவுக்கு."

அதற்கும் சிரித்தார்கள். கைத்தொலைபேசி அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"ஹலோ?"

"ஓ நெகற்றிவ் எண்டியள். ஜீப்பை எத்தினை மணிக்கு..." என்று தொடங்கிய குரல் பெண் குரலைக் கேட்டதும் நின்றது. வெட்டிவிட்டான். இரண்டு நிமிடத்தில் குழுவில் எழுதினான். "ஷெரோன் அண்ணையின்ரை நம்பரை ஒரு பொம்பிளை எடுக்கிறா. எக்கவுண்டை ஆரோ பிடிச்சிட்டாங்கள். ஒருத்தரும் காசு போட்டிடாதேங்கோ."

"நான்தான் ஷெரோன். நான் பெண்," என்று அவள் எழுதினாள். மூன்று வருடம் எழுதாதது.

"பாத்தியளோ, சொன்னன்தானே," என்றது அடுத்த கொமெண்ட். "உப்பிடித்தான் தொடங்குவாங்கள். முதல் அக்காவுக்கு வருத்தம், பிறகு வங்கிக் கணக்கு."

பதிவைப் பற்றி முறையிட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஒன்பது மணிக்கு முகநூல் அதை மறைத்தது.

தாதி ஒருத்தி கதவைத் திறந்து, "பிரியந்தினியின்ரை ஆக்கள்?" என்றாள். அம்மா எழுந்தாள். "இன்னும் ஒருக்கால் போகுது. கொஞ்சமாத்தான். பயப்பிடாதேங்கோ. இரத்தம் என்ன மாதிரி?"

அம்மா ஷெரோனைத் திரும்பிப் பார்த்தாள். ஷெரோன் நிலத்தைப் பார்த்தாள்.

"வரும்," என்றாள்.

யாரிடமிருந்து வரும்? தனக்கு ஓ நெகற்றிவ் என்று ஊரறியச் சொன்னவன் ஒருவன்தான். அவனைத் தூக்கியவள் அவள்தான். தடையை எடுத்தாள். அவனுக்குச் செய்தி அனுப்பினாள். ஒரு சாம்பல் நிறச் சரிக்குறி விழுந்து அப்படியே நின்றது. அவன் பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஊரைக் கேட்டவனுக்கு அவன் பதில் சொல்லியிருக்கவில்லை.

குழுவில் யாருடைய இலக்கமாவது அவளிடம் இருந்ததென்றால் ஜெயசுதனுடையது மட்டும்தான். குழுவின் ஸ்ரிக்கர் அடித்தபோது அவன் அனுப்பியது. அவள் யாருக்கும் தானாக அழைத்துப் பழகாதவள். கடைக்கு அழைத்துச் சாமான் கேட்பதற்கும் அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுப்பவள். எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் அழைத்தாள்.

"ஹலோ, ஆர்?"

"ஜெயசுதன் அண்ணையோ?"

"ஓம். ஆர் பிள்ளை?"

"நான் ஷெரோன். குழு அட்மின்."

"ஷெரோன் அண்ணையின்ரை மனிசியோ?"

"இல்லை. ஷெரோன் நான்தான்."

"பகிடி விடாதேங்கோ, தங்கச்சி. அவரோடை நான் மூண்டு வருஷமாக் கதைக்கிறன்."

"கதைக்கேல்லை, அண்ணை. எழுதினனீங்கள். போன மாசம் கிளட்ச் வயர் அறுந்துபோச்செண்டு எழுதினனீங்கள். பழைய வான் வயர் ஒண்டை அரை அங்குலம் வெட்டினாப் பொருந்தும் எண்டு நான் எழுதினனான். பொருந்தினதோ?"

"பொருந்தினது," என்றான் ஜெயசுதன். குரல் இறங்கியிருந்தது. "அப்ப... அந்த இரத்தம்?"

"உண்மை. அக்காவுக்கு. ஒரு மணிக்கு முன்னம் வேணும். எனக்கு அந்த ஜீப்புக்காரன் வேணும், அண்ணை. ஆளைத் தெரியுமோ?"

"உவனையோ? உவனை நீங்கள்தானே தூக்கினீங்கள்."

"நீங்கள் சொல்லித்தான் தூக்கினனான்."

"ஓம்," என்றான் அவன். பிறகு, "ஆளைத் தெரியாது. ஜீப் நிக்கிற இடம் தெரியும். தொண்டைமானாத்திலை, பாலத்துக்கு அங்காலை, கடலேரிப் பக்கம் ஒரு மேல்வீடு. நீலக் கேற். போன ஞாயிறு போய் நிண்டனான்."

"ஏன் போனனீங்கள்?"

"எஞ்சின் சத்தம் எப்பிடியெண்டு கேக்க," என்றான். "அதை விடுங்கோ. இப்பவே வெளிக்கிடுறன்."

"நானும் வாறன். நான் கேட்டா..."

"ரெண்டு சீற், தங்கச்சி. நீங்கள் வந்தா அவனை எங்கை இருத்துறது?"

இதே கேள்வியைக் குழுவில் கேட்டவர்களை அவன் பந்தி பந்தியாக எழுதி விரட்டியிருக்கிறான். இப்போது அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வண்டிச் சாவி கிலுங்கும் சத்தம் கேட்டது.

ஒன்பதே முக்கால். பத்து மணி. பத்தேகால். ஷெரோன் வாங்கில் இருந்தாள், எழுந்தாள், இருந்தாள். அம்மாவின் செபமாலை மூன்றாம் சுற்றுப் போனது. கட்டாரிலிருந்து அத்தான் எமில்ராஜ் இரண்டு தரம் அழைத்தான். இரண்டாம் தரம் அழைப்பை வெட்டாமல் பிடித்துக்கொண்டே நின்றான். பத்தரைக்கு ஜெயசுதனிடமிருந்து ஒரு வரி வந்தது. "ஆள் கிடைச்சிட்டான். வாறம்." அவள் அதை அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பதினொன்று ஐந்துக்கு இரத்த வங்கி வாசலில் வந்து நின்றார்கள். ஜெயசுதன் கட்டையாக, கண்ணாடி போட்டவனாக இருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு மெலிந்த இளைஞன், காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, காலில் சேறோடு. ஜீப் வைத்திருப்பவன் என்று அவள் நினைத்த ஆளின் சாயல் எதுவும் அவனில் இல்லை.

"லக்ஷன்," என்றான் அவன். "ஜீப் என்ரை இல்லை. முதலாளி சுவிஸிலை. நான் கழுவுறன், ஓட்டுறன், படம் எடுத்து அனுப்புறன். நீங்களோ அட்மின் அண்ணை?"

"ஓம்."

"ரெண்டு கிழமையா நான் திட்டினது ஒரு பொம்பிளைப் பிள்ளையையோ," என்றான். சிரிக்கவில்லை.

"அண்டைக்கு உங்களிட்டை அந்தக் கேள்வி கேட்டவரை நான்..." என்று அவள் தொடங்கினாள்.

"முதல் இரத்தத்தை எடுங்கோ, அக்கா. மற்றதைப் பிறகு கதைக்கலாம்."

தாதி அவன் விரலில் குத்தினாள். வெள்ளை ஓட்டில் துளித் துளியாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்துச் சொட்டு. கண்ணாடிக் குச்சியால் கலக்கினாள். ஷெரோன் கதவோரம் நின்று பார்த்தாள். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நூறு தரம் செய்தது. முதல் இரண்டு துளியும் கலங்கலாக அப்படியே கிடந்தன. ஓ வகை. அது சரி. மூன்றாவது துளி மெல்ல மெல்லத் திரளத் தொடங்கியது. தயிர் உடைவதுபோல் சிறு சிறு கட்டியாகி ஓரத்துக்கு ஒதுங்கியது.

தாதி வாய் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, நீர் பொசிற்றிவ்," என்றாள் தாதி.

"இல்லை மிஸ். லைசென்ஸிலை இருக்கு." அவன் அவசரமாகப் பணப்பையைத் திறந்து சாரதி அனுமதிப்பத்திரத்தை எடுத்து நீட்டினான். ஓ நெகற்றிவ் என்றுதான் அதில் அச்சடித்திருந்தது.

"இதை ஆர் சோதிச்சது?"

லக்ஷன் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஒருத்தரும் சோதிக்கேல்லை," என்றான் மெதுவாக. "படிவத்திலை கேட்டுக் கிடந்தது. எனக்குத் தெரியாது. முன்னுக்கு நிண்டவர் ஓ நெகற்றிவ் எண்டு எழுதினார். அவற்றை எழுத்து வடிவா இருந்தது. நானும் அதையே எழுதினன். பிறகு சொல்லிச் சொல்லி எனக்கே உண்மையாப் போச்சு."

ஜெயசுதன் சுவரில் சாய்ந்தான். தாதி ஓட்டைக் கழுவப் போட்டாள். பதினொன்று இருபத்தைந்து.

ஷெரோன் வெளியே வந்து படியில் இருந்தாள். மழை பிடித்திருந்தது. அழவேண்டும் போல் இருந்தது, வரவில்லை. அக்காவின் மூக்குத்தியைத் தாதி காலையில் கழற்றிக் கொடுத்தது கைப்பையில் இருந்தது. அதைத் திரும்பப் போட முடியாமல் போனால் என்ன செய்வதென்று ஒரு நினைவு வந்தது. அந்த நினைவு வந்ததற்காகத் தன் தொடையைத் தானே கிள்ளினாள்.

லக்ஷன் வந்து இரண்டு படி கீழே நின்றான்.

"அக்கா, உங்கடை ஃபோனைத் தாங்கோ. குழுவிலை லைவ் போடுங்கோ. நான் கதைக்கிறன்."

"உங்களைக் கண்டா இன்னும் சிரிப்பாங்கள்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதெண்டாலும் வந்து பாக்க வேணுமே."

அது உண்மை. அவள் தொலைபேசியை எடுத்தாள். லைவ் என்ற சிவப்புப் பொத்தானில் விரலை வைத்து நின்றாள். திரையில் அவளுடைய முகம் தெரிந்தது, தலை கலைந்து, காலையில் அவசரத்தில் புறம்மாறிப் போட்ட சட்டையோடு. பொத்தானை அமத்தினாள்.

"நான் ஷெரோன்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. பின்னால் வந்து நின்ற ஜெயசுதன், "பலமா, தங்கச்சி," என்றான். "நான் ஷெரோன். இந்தக் குழுவின்ரை அட்மின். அண்ணை இல்லை. ஒருத்தரும் என்ரை எக்கவுண்டைப் பிடிக்கேல்லை. எனக்குக் காசு வேண்டாம். என்ரை அக்கா உள்ளுக்கை கிடக்கிறா. நாலு மணிக்கு ஒப்பரேஷன். ஓ நெகற்றிவ் இன்னும் ஒரு பை இல்லாட்டி செய்ய மாட்டினம். செய்யாட்டி..." அவள் நிறுத்தினாள். "உங்களுக்கு விளங்கும்."

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூறு. இருநூற்றிருபது. சிரிப்பு முகங்கள் அடியிலிருந்து குமிழ் குமிழாக மேலே போய்க்கொண்டிருந்தன. 'நல்ல நடிப்பு' என்று ஒருவர். லக்ஷன் தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பினான்.

"நான் மொந்தே பொடியன். ஜீப்புக்காரன். ஜீப் என்ரை இல்லை, நான் றைவர். நான் ஓ நெகற்றிவ்வும் இல்லை. இப்பத்தான் பாத்தவை. ஓ பொசிற்றிவ். ரெண்டும் பொய். இவர் ஆரெண்டு தெரியுதோ? ஜெயசுதன் அண்ணை. என்னைத் தன்ரை காரிலை ஏத்திக்கொண்டு வந்தவர். சிரிக்கிற ஆக்கள் வடிவாச் சிரியுங்கோ. சிரிச்சு முடிய, உண்மையான ஓ நெகற்றிவ் ஒராள் பெரியாஸ்பத்திரிக்கு வாங்கோ."

ஜெயசுதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "உண்மைதான்," என்றான் கமராவைப் பாராமல். "வாங்கோவன்."

சிரிப்பு முகங்கள் ஒன்றிரண்டாகக் குறைந்து நின்றுபோயின.

பதினொன்றே முக்காலிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. ஒருவன் ஏ நெகற்றிவ், பரவாயில்லையா என்று கேட்டான். அது சரிவராது. பருத்தித்துறையிலிருந்து ஒருவர் ஓ நெகற்றிவ்தான், மூன்று கிழமைக்கு முன் கொடுத்துவிட்டார். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் அழுதார். மோட்டார் சைக்கிளில் இருவர் நேரே வந்தார்கள். தாதி இருவருக்கும் விரலில் குத்தினாள். மூன்றாவது துளி இரண்டு தரமும் திரண்டது. அனுமதிப்பத்திரத்தைக் காட்டியவர்களுக்குத் தாதி, "அதை உள்ளுக்கை வையுங்கோ," என்றாள்.

பன்னிரண்டரை. அக்காவுக்கு மறுபடி இரத்தம் போவதாக உள்ளிருந்து செய்தி வந்தது. இம்முறை தாதி 'பயப்பிடாதேங்கோ' என்று சொல்லவில்லை. அம்மா செபமாலையை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். லக்ஷன் வாசலில் நின்று உள்ளே வருகிற ஒவ்வொருவரையும், "ஓ நெகற்றிவ்வோ? ஓ நெகற்றிவ்வோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். சோற்றுப் பார்சலோடு வந்த ஒரு கிழவர் அவனை விலத்திக்கொண்டு போனார்.

பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்கு ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டு படியேறினாள். நாற்பது வயது இருக்கும். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. தோளில் அலுவலகப் பை.

"ஷெரோன் ஆர்?" என்றாள்.

"நான்தான்."

"நான் சிவகௌரி. சாவகச்சேரிக் கோர்ட்டிலை வேலை. அரைநாள் லீவு எழுதிப்போட்டு பஸ்ஸிலை வாறன். கைதடியிலை வெள்ளத்தாலை கொஞ்ச நேரம் மறிச்சுப்போட்டாங்கள்." மூச்சு வாங்கினாள். "நான் ஓ நெகற்றிவ். ரெண்டு பிள்ளைப்பேற்றுக்கும் நெகற்றிவ்காரருக்குப் போடுற ஊசி போட்டவை, அதாலை வடிவாத் தெரியும்."

ஷெரோன் அவள் கையைப் பிடித்தாள். வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

"நான் நாலு வருஷமாக் குழுவிலை இருக்கிறன்," என்றாள் சிவகௌரி, உள்ளே நடந்தபடி. "குழு தொடங்கின நாள் துவக்கம். ஒரு சொல் எழுதினதில்லை. எல்லாரும் ஆம்பிளையள். நீங்களும் ஆம்பிளை எண்டுதான்." கட்டிலில் ஏறிச் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினாள். "காலமை எட்டரைக்கே உங்கடை பதிவைக் கண்டனான், பிள்ளை. பகிடி எண்டு நினைச்சு நானும் ஒரு சிரிப்புப் படம் போட்டிட்டன். பிறகு உங்கடை முகத்தைக் கண்ட உடனை..." அவள் முடிக்கவில்லை. "எடுங்கோ மிஸ். வேண்டியளவு எடுங்கோ."

"ஒரு பைதான் எடுக்கலாம்," என்றாள் தாதி, விரலில் குத்தியபடி. முதல் இரண்டு துளியும் திரளாமல் கிடந்தன. மூன்றாவதும் திரளவில்லை. ஷெரோன் அதை இன்னும் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

நாலு பத்துக்குப் பரிசோதனை முடிந்து பை மேலே போனது. நாலே காலுக்கு அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் முகம் கடதாசி நிறத்தில் இருந்தது. "என்னடி, ஆற்றை இரத்தம்?" என்று கேட்டாள். உதடு காய்ந்திருந்தது.

"குழுவிலை ஒரு அக்கா," என்றாள் ஷெரோன்.

"உந்தக் கார்க்குழுவோ?" அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கதவு சாத்தப்பட்டது.

ஒரு மணித்தியாலம். ஒன்றேகால் மணித்தியாலம். உள்ளேயிருந்து ஒருமுறை ஒருவர் ஓடி வந்து ஏதோ எடுத்துக்கொண்டு ஓடிப் போனார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஐந்து நாற்பதுக்கு டாக்டர் ஷெரோனை மட்டும் கதவுக்கு உள்ளே கூப்பிட்டார். முகமூடியைக் கீழே இழுத்தார். நெற்றியில் தொப்பியின் தடம்.

"ரெண்டு பையும் ஏத்தினது. ஒண்டோடை நிண்டிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றார். "பெண் குழந்தை. நிறை குறைவு, கண்ணாடிப் பெட்டியிலை வைச்சிருக்கிறம். அக்காவின்ரை கர்ப்பப்பையை விட்டுவைக்க முடியேல்லை. அதை நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ. இப்ப வேண்டாம்."

"சரி," என்றாள். "அக்கா?"

"மயக்கத்திலை. மூச்சு நல்லா இருக்கு."

அவள் திரும்பி நடந்தாள். நீண்ட வாங்கில் நால்வர் இருந்தார்கள். அம்மாவின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. மற்ற மூவரும் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை மணிநேரம் பேசாமல் இருந்து முடியாமல்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

"வெல்ரானோ செய்த முதல் வண்டி என்ன தெரியுமோ, தம்பி?" சிவகௌரி பிளாஸ்ரர் ஒட்டிய கையை மடக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "முந்திரிகைத் தோட்டத்துக்குப் பெட்டி ஏத்துற லொறி. கார் பிறகு வந்தது."

"அதைக் கணக்கிலை எடுக்கேலாது, அக்கா," என்றான் ஜெயசுதன். "அது வேறை காலம்."

"ஏன் எடுக்கேலாது?" என்றான் லக்ஷன். "உங்களுக்குப் பிடிக்காததெல்லாம் வேறை காலமோ?"

"நீ பேசாதை. லைசென்ஸையே பாத்து எழுதினவன்."

ஷெரோனின் செருப்புச் சத்தம் கேட்டு மூவரும் நிமிர்ந்தார்கள். அம்மா கண்ணைத் திறந்தாள். செபமாலையைக் கையில் எடுத்தாள்.

ஷெரோன் அம்மாவின் முன்னால் போய்க் குந்தினாள்.

"இருக்கினம்," என்றாள். "ரெண்டு பேரும் இருக்கினம்."